இதய வால்வில் நோய்த்தொற்று: பெண்களின் காய்ச்சலும் காய்ச்சல்தான்

அறுவடைக் காலத்தில் வீட்டுத் தலைவருக்கு மூன்று நாள் காய்ச்சல் என்றால் வேலையை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்கிறோம். வீட்டுப் பெண்ணுக்கு அதே காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்து, “வெயிலில் நின்ற களைப்பு” என்கிறோம். அவளும் எழுந்து சோறு சமைக்கிறாள். காய்ச்சல் இரண்டு வாரம் நீடித்தாலும் இதே கதைதான். ஆனால் அந்தக் காய்ச்சல் சில வேளைகளில் இதயத்திலிருந்து வருவதாக இருக்கலாம். இப்பாடம் அதைப் பற்றியது.

நோய் என்ன?

இதயத்தில் இரத்தத்தை ஒரே திசையில் போகவிடும் நான்கு வால்வுகள் உண்டு. வாய்க்காலில் நீரைத் திருப்பும் மடை போன்றவை அவை. சிறுவயதில் தொண்டைநோவின் பின் வரும் வாதக் காய்ச்சல் இந்த வால்வைத் தடிக்கவைத்து, கெடுத்துவிடலாம். வாதக் காய்ச்சலால் வரும் வால்வு நோய் ஆண்களைவிடப் பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. கெட்ட வால்வில் பற்றீரியா எளிதில் ஒட்டிக்கொள்ளும். பல் ஈறிலிருந்தும், ஆறாத புண்ணிலிருந்தும் அவை இரத்தத்தில் கலந்து, வால்வில் கூடுகட்டி, அதை அரிக்கத் தொடங்கும். 1940களில் பென்சிலின் பாவனைக்கு வரும்வரை இந்நோயிலிருந்து தப்பியவர் மிகச் சிலரே.

ஆண், பெண் வேறுபாடு

இத்தொற்று ஆண்களுக்கே அதிகம் வருகிறது. 2016 முதல் 2018 வரை ஐரோப்பாவிலும் வேறு நாடுகளிலும் 3,113 நோயாளரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில், பத்துப் பேரில் ஏறக்குறைய மூவரே பெண்கள். அப்படியானால் பெண்கள் பாதுகாப்பானவர்களா? இல்லை. நோய் வந்தபின், பெண்களுக்குச் சத்திரசிகிச்சை குறைவாகவே செய்யப்படுவதாகவும், அவர்களிடையே இறப்பு அதிகமாக இருப்பதாகவும் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

காரணம் ஒன்றல்ல. ஆய்வுகளில் இருந்த பெண்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். நீரிழிவு போன்ற வேறு நோய்களும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. இவற்றைக் கணக்கில் எடுத்தபின் வேறுபாடு குறைந்துபோவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வயதையும் கூடவரும் நோய்களையும் நாம் மாற்ற முடியாது. வீட்டிலேயே உண்டாகும் தாமதத்தை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

இடம் மாறியவர்கள் கவனிக்க

மாத்தளை மாவட்டத்தில் 1983 வன்செயலாலும், பின்னர் மொரகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகவும் காணி விட்டு எழும்பிய குடும்பங்கள் பல. இடம் மாறும்போது பாத்திரம் பண்டம் வந்து சேரும். கிளினிக் கொப்பி வழியில் தொலைந்துவிடும். வாதக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடப்படும் பென்சிலின் ஊசியும் அத்தோடு நின்றுவிடும். காய்ச்சல் மீண்டும் வந்து வால்வை மேலும் கெடுக்கும். ஊசியை நிறுத்துவது வைத்தியர் சொன்னால் மட்டுமே. கொப்பி இல்லாவிட்டாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள்; புதிய கொப்பி திறந்து தருவார்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

வால்வு நோய் உள்ளவருக்கும், முன்பு வாதக் காய்ச்சல் வந்தவருக்கும் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல், இரவில் வியர்வை, மெலிவு, மூச்சிரைப்பு, காலில் வீக்கம் ஆகியவை இருந்தால் தாமதிக்கலாகாது. வாய் கோணுதல், ஒரு பக்கம் கைகால் விழுதல் கண்டால் அதே நேரமே கொண்டு செல்ல வேண்டும். வால்விலிருந்து துண்டு ஒன்று பிரிந்து மூளைக்குப் போயிருக்கலாம்.

வீட்டில் மீதியாயிருக்கும் அன்டிபயோட்டிக் குளிசையை விழுங்கிவிட்டுப் போகாதீர்கள். இரத்தத்தைச் சோதித்து எந்தக் கிருமி என்று அறிவதற்கு அது தடையாகும். இரத்தப் பரிசோதனையோடு இதய ஸ்கேனும் எடுக்கப்படும். சிகிச்சை பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழி மருந்து. வால்வு பழுதாகி இதயம் தளர்ந்தாலோ, மருந்துக்குக் கிருமி அடங்காவிட்டாலோ சத்திரசிகிச்சை தேவைப்படும். “இவளுக்கு இது தேவைதானா?” என்று கேட்டு வீட்டார் நாளைக் கடத்தலாகாது. ஆறு வாரம் தாய் வைத்தியசாலையில் இருந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது, தோட்டத்தை யார் கவனிப்பது என்பதை உறவினரும் அயலவரும் முன்னரே பேசி ஒழுங்குசெய்வது நல்லது.

கர்ப்பிணிகள் பழைய வாதக் காய்ச்சலைக் குடும்ப நல மாதுவிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். கெட்ட வால்வு பிள்ளைப்பேற்றின் சுமையைத் தாங்காமல் போகலாம்.

பல்லைத் தினமும் இருமுறை துலக்குவதும், மண்வெட்டி பட்ட காயத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி மூடுவதும் செலவில்லாத பாதுகாப்பு.

குழுவில் கலந்துரையாட

1. நம் வீட்டில் கடைசியாகக் காய்ச்சல் வந்த பெண் எத்தனையாம் நாள் வைத்தியரிடம் போனாள்? ஆண் எத்தனையாம் நாள்?
2. நம் குடியிருப்பில் பென்சிலின் ஊசியை இடையில் விட்டவர் யாரும் உண்டா? அவரை யார் கிளினிக்குக் கூட்டிச் செல்வது?
3. ஒரு தாய் ஆறு வாரம் வைத்தியசாலையில் இருக்க நேர்ந்தால், நாம் எந்த வேலையைப் பொறுப்பேற்போம்?