கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங்: தண்ணீர்ப் பாதையை அமைப்பது எப்படி?

பிராசசர் வேலை செய்யும்போது சூடாகும் என்பது நீங்கள் அறிந்ததே. அந்தச் சூட்டை ஹீட் சிங்க் வாங்கிக்கொள்ள, அதன் மேலுள்ள ஃபேன் காற்றில் கலந்துவிடுகிறது. வாட்டர் கூலிங் முறையில் இடையே தண்ணீர் வருகிறது; கார் எஞ்சினுக்கு ரேடியேட்டர் இருப்பது போலத்தான். ஆப்பிள் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 கம்ப்யூட்டரிலேயே இம்முறை இருந்தது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கடிதம் டைப் செய்யவும், இன்டர்நெட் பார்க்கவும், படம் பார்க்கவும் மட்டும் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தால் உங்களுக்கு இது தேவையே இல்லை. நல்ல ஃபேன் போதும். மணிக்கணக்கில் வீடியோ எடிட்டிங் செய்பவர்களும் பெரிய கேம்களை ஆடுபவர்களும் மேலே படிக்கலாம். அவர்களும் முதல் முறை என்றால், தொழிற்சாலையிலேயே தண்ணீர் நிரப்பி மூடப்பட்டு வரும் செட்டை வாங்குவதே நல்லது.

நாமே அமைக்கும் பாதையில் பிராசசர் மேல் உட்காரும் வாட்டர் பிளாக், ரேடியேட்டர், அதற்கான ஃபேன்கள், தண்ணீர் நிற்கும் ரிசர்வாயர், பம்ப், இவற்றை இணைக்கும் ட்யூப்கள் ஆகியவை இருக்கும்.

எவ்வளவு பெரிய ரேடியேட்டர்?

இங்குதான் பணம் வீணாகிறது, எனவே கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். கோர் ஐ9-14900கே பிராசசர் 253 வாட் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் கார்டு 320 வாட். இரண்டையும் ஒரே பாதையில் வைத்தால் 573 வாட். ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவுள்ள ரேடியேட்டர் பகுதிக்கு 100 முதல் 150 வாட் என்பது நடைமுறைக் கணக்கு. அப்படியானால் ஐந்து பகுதிகள் வேண்டும். 360 ஒன்றும் 240 ஒன்றும் வாங்கலாம். கேபினெட்டில் இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரேடியேட்டருடன் 25 மில்லிமீட்டர் ஃபேன் சேரும்போது 55 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

தண்ணீர் என்றதும் ஐஸ் போல ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். அறையின் வெப்பத்துக்குக் கீழே இந்தத் தண்ணீர் ஒருபோதும் இறங்காது. மே மாதத்தில் அறை 36 டிகிரி இருந்தால், நல்ல ரேடியேட்டரிலும் தண்ணீர் 46 டிகிரி அளவில் இருக்கும். பிராசசர் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

எதற்குப் பின் எது?

பிராசசரைத் தாண்டிய சூடான தண்ணீர் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாமா என்று பலரும் கேட்பதுண்டு. தாராளமாகப் போகலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,186 ஜூல் வேண்டும். பம்ப் நிமிடத்துக்கு 4 லிட்டர் தள்ளுவதாகக் கொள்வோம். 573 வாட் ஒரு நிமிடத்தில் தருவது 34,380 ஜூல். ஆக, முழுச் சுற்றிலும் தண்ணீர் ஏறுவது சுமார் 2 டிகிரி மட்டுமே! எனவே வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல், ட்யூப் குட்டையாகவும் வளைவு குறைவாகவும் இருக்கும்படி இணையுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ரிசர்வாயர் பம்ப்புக்கு மேலே, அதற்கு நேர் முன்னால் இருக்க வேண்டும். பம்ப்புக்குள் உராய்வைக் குறைப்பதே தண்ணீர்தான். காய்ந்து ஓடினால் கெட்டுவிடும். பாதையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறிய டிரெயின் வால்வு வைத்தால் பின்னால் தண்ணீரை வெளியேற்ற வசதியாக இருக்கும்.

வாட்டர் பிளாக் தாமிரம் என்றால் ரேடியேட்டரும் தாமிரம் அல்லது பித்தளையாக இருக்கட்டும். அலுமினியத்தைக் கலந்தால், விலை மலிவாக இருந்தாலும், அது அரிக்கத் தொடங்கும். குழாய்த் தண்ணீரும் கேன் தண்ணீரும் கூடாது, இரண்டிலும் உப்புகள் உண்டு. இதற்கென்றே விற்கும் கூலன்ட் அல்லது பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்த டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மின்சாரத்தைக் கடத்தாது, கசிந்தாலும் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள், உலோகத்தையும் தூசியையும் தொட்டபின் அது கடத்தும்.

கசிவுச் சோதனை

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளையும், பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் கேபிள்களையும் கழற்றி விடுங்கள். பம்ப்புக்கு மட்டும் மின்சாரம் இருக்கட்டும். பவர் சப்ளையைத் தனியே இயக்குவதற்கான ஜம்பர் பிளக் கடைகளில் கிடைக்கும், அதை 24 பின் கேபிளில் செருகுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வையுங்கள். ரிசர்வாயரை நிரப்பி, பம்ப்பைச் சில விநாடிகள் ஓடவிட்டு நிறுத்துங்கள். மட்டம் இறங்கியதும் மீண்டும் நிரப்புங்கள். இப்படிப் பலமுறை செய்து, கேபினெட்டை மெதுவாகச் சாய்த்தால் காற்றுக் குமிழிகள் வெளியேறும். பின்னர் 24 மணி நேரம் ஓடட்டும். எல்லாப் பேப்பரும் உலர்ந்திருந்தால் மட்டும் மதர்போர்டு கேபிளை மாட்டுங்கள். ஏதாவது ஒன்றில் ஈரம் தெரிந்தால் அந்த இணைப்பைச் சரிசெய்துவிட்டு 24 மணி நேரச் சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.