கூடிக்கொண்டே போகும் கனம்: வீட்டு ஜிம்முக்குக் கருவி தேர்வது எப்படி?

வீட்டிலேயே ஒரு சின்ன ஜிம் வைக்கலாம் என்று அனுமந்தன்பட்டியில் ஒருவர் முடிவெடுத்தால், முதலில் நினைவுக்கு வருவது டிரெட்மில்தான். ஆனால் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, வயலும் திராட்சைப் பந்தலும் வாய்க்கால் கரையும் சூழ்ந்த ஊரில் நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. இல்லாததைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளில் இல்லாதது, உடம்பு தாங்கும் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவதற்கான வழி. அதனால் எந்தக் கருவியைக் காட்டினாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இன்று 5 கிலோ, அடுத்த மாதம் 6, தீபாவளிக்குள் 10 என்று இதில் ஏற்ற முடியுமா? முடியும் என்றால் மேற்கொண்டு விசாரிக்கலாம். முடியாது என்றால் அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஓரிரு மாதத்தில் துணி காயப்போடும் கொடியாகிவிடும்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் எண்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சிகாகோவில் இருந்த ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர், முழங்காலில் அடிபட்டுத் தொடைச்சதை வற்றிப்போன சிப்பாய்களைக் கவனித்துவந்தார். இலேசான அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பதே அன்றைய வழக்கம். அவரோ காலில் இரும்புக் கனத்தைக் கட்டி, பத்துத் தடவைக்கு மேல் தூக்க முடியாத அளவில் வைத்து, வலு ஏற ஏறக் கனத்தையும் ஏற்றினார். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். இன்றைய வலுப்பயிற்சி முறைகளுக்கெல்லாம் அது அடிக்கல். பின்னால் வந்த ஆய்வுகள் வீட்டில் பயிற்சி செய்பவருக்குச் சாதகமான ஒரு திருத்தம் சேர்த்தன: கனம் குறைவாக இருந்தாலும், இனி ஒரு தடவைகூட முடியாது என்ற இடத்தை நெருங்கி நிறுத்தினால் சதை வளரும். ஆனால் கனம் ஏறாமலே இருந்தால் எண்ணிக்கை முப்பது, நாற்பது, ஐம்பது என்று நீண்டு சலிப்புத் தட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இரண்டு பகுதி கொண்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு ஒன்று. வாரம் இரண்டு நாளாவது பெரிய சதைகள் எல்லாவற்றுக்கும் வலுப்பயிற்சி மற்றொன்று. முதல் பகுதியை வாய்க்கால் கரை பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்குத்தான் கருவி. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் காட்டியது. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்வதில் சதைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், இந்த இரண்டாம் பகுதியைத் தட்டிக்கழிக்க நமக்கு வசதியில்லை.

நாள் முழுக்கத் தோட்டத்தில் உழைப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழே வேலை செய்பவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கழுத்து பின்னால் சாய்ந்திருக்கும், இரண்டு கையும் தலைக்கு மேலே, ஒன்றில் கொத்து, மற்றதில் கத்தரி. மணிக்கணக்காகத் தோள் அதே நிலையில் நிற்கும். ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கோ குனிந்தே காய் எடுக்கும் வேலை. உழைப்பு கடுமையானதுதான், ஆனால் போன ஆண்டு தோள் தாங்கிய கனத்தைத்தான் இந்த ஆண்டும் தாங்குகிறது. உடம்பு பழகியதும் வலு ஏறுவது நின்றுவிடும், தேய்மானம் நிற்காது. அதோடு, கையை உயர்த்தியே இருப்பவருக்கு முதுகை நோக்கி இழுக்கும் வேலையும், குனிந்தே இருப்பவருக்குக் கனத்தோடு நிமிரும் வேலையும் கிடைப்பதில்லை. விடுபட்ட அந்த வேலையைக் கொடுக்கத்தான் பயிற்சி.

வேறு சிலர் இளவட்டக்கல்லைக் காட்டுவார்கள். அந்தக் கல்லின் மேல் உள்ள மரியாதையோடுதான் சொல்கிறேன்: அது பரீட்சை, பாடம் அல்ல. கல்லுக்கு ஒரே கனம். ஏற்றம் இறைத்தும் மூட்டை சுமந்தும் ஆண்டு முழுக்கச் சேர்ந்த வலுவை அது பொங்கலன்று அளந்து காட்டியது. கர்லாக்கட்டை வேறு ரகம். தோளை எல்லாப் பக்கமும் சுழலவைக்க அதைப்போல ஒன்று கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன அந்தக் கலை, 1904, 1932 ஒலிம்பிக்குகளில் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியாகவே இருந்தது. ஆனால் கனம் ஏற்ற வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் புதுக் கட்டை கடைய வேண்டியிருக்கும். அடிப்படைக் கருவிகள் சேர்ந்தபின் வாங்கிக்கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலாவது, கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. உடம்பின் பெரிய சதைகள் ஐந்து அசைவுக்குள் அடங்கிவிடும்: உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. உட்கார்ந்து எழ பஸ்கி போதும். தள்ளுவதற்குத் தண்டால், அதிலும் திண்ணையில் கையை ஊன்றி எடுப்பது ஒன்றாம் வகுப்பு, படிக்கட்டின் இரண்டாம் படியில் கை வைப்பது இரண்டாம் வகுப்பு, தரை மூன்றாவது, பாதத்தைத் திண்ணைமேல் வைத்துக் கையைத் தரையில் ஊன்றுவது நான்காவது. பைசா செலவில்லாமல் கனம் ஏறுகிறது. தூக்கவும் சுமக்கவும் பிளாஸ்டிக் குடம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம். பிறகு 25 கிலோ அரிசிச் சிப்பம் காத்திருக்கிறது. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தால் ஓட்டை ஓர் இடத்தில்தான் தெரியும்: இழுப்பதற்கு வீட்டில் எதுவும் இல்லை. கிணற்றில் வாளி இறைத்த காலத்தில் அது இருந்தது. மோட்டாரும் குழாயும் வந்தபின் போய்விட்டது.

ஆகவே முதல் காசை இழுப்பதற்குச் செலவழியுங்கள். எளிய வழி, நீண்ட வளையமாக வரும் ரப்பர் பேண்ட். ஒரே ஒன்றை வாங்காமல் மெல்லியது, நடுத்தரம், தடித்தது என மூன்று வாங்கினால்தான் ஏற்ற முடியும். சுவரில் நன்றாகப் பதிந்த ஜன்னல் கம்பியில் மாட்டி, கையை விலாவை நோக்கி இழுக்கலாம். வெயில் படும் மொட்டைமாடியில் போட்டுவைத்தால் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும். ஒவ்வொரு முறையும் இழுக்குமுன் விரலால் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அறுந்து முகத்தில் அடித்தால் கண்ணுக்கு ஆபத்து. இன்னொரு வழி, காங்கிரீட் கூரையில் தொட்டில் கட்டுவதற்கென்று பதித்த கொக்கி. குழந்தையைத் தாங்கியது ஆளையும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. கொக்கியின் அடியில் துருக்கறை இருக்கிறதா, சுற்றிலும் பூச்சு வெடித்திருக்கிறதா என்று கொத்தனாரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகும் முழு எடையோடு தொங்காமல், கொக்கியில் கட்டிய கயிற்றின் இரு முனையையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து, நெஞ்சைக் கைக்குக் கொண்டுவாருங்கள். பாதம் தரையிலேயே இருக்கும். அதை முன்னால் நகர்த்த நகர்த்தக் கனம் கூடும். மின்விசிறிக் கொக்கியில் மட்டும் எதையும் கட்ட வேண்டாம்.

இரண்டாவதாக, பிளேட் மாற்றும் ஒரு ஜோடி டம்பெல்ஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், கனத்தில் அல்ல, படியில். 5 கிலோ டம்பெல்லின் இரு பக்கமும் 2 கிலோ பிளேட் போட்டால் 9 கிலோ ஆகிவிடும். ஒரே தாவலில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இரு பக்கமும் அரைக் கிலோ என்றால் 6. அதனால் பெரிய பிளேட்டுகளை எண்ணுவதைவிட, அரைக் கிலோ, ஒரு கிலோ பிளேட்டுகள் ஜோடியாகக் கிடைக்குமா என்று கேட்பதுதான் முக்கியம். விலை குறைந்த பி.வி.சி. பிளேட்டுகள் உள்ளே சிமெண்ட் கலவை அடைத்தவை. தரையில் ஒரு தடவை விழுந்தால் விளிம்பு வெடித்துத் தூள் கொட்டும். இரும்பு அல்லது ரப்பர் உறையிட்ட இரும்பு தலைமுறைக்கு வரும். கம்பியின் தடிமனும் பிளேட்டின் துளையும் ரகத்துக்கு ரகம் மாறுவதால், முதலில் வாங்கிய அளவையே கடைசிவரை பின்பற்றுங்கள். பூட்டும் நட்டைக் கையால் இறுக்கி, டம்பெல்லைச் செங்குத்தாகப் பிடித்து உலுக்குங்கள். பிளேட் கலகலவென்று ஆடினால் வேண்டாம். எழுதியிருக்கும் கனத்தை நம்பாமல் பலசரக்குக் கடைத் தராசில் ஒரு முறை வைத்துப் பார்ப்பதும் நல்லது, இரண்டு பக்கமும் ஒரே கனமா என்றாவது தெரியும்.

டம்பெல்ஸுக்கு இன்னும் காசு சேரவில்லை என்றால் பழைய பள்ளிக்கூடப் பை ஒன்றை எடுங்கள். மணலை அலசி, வெயிலில் நன்றாக உலர்த்தி, கெட்டியான பாலித்தீன் உறையில் ஒரு கிலோ பொட்டலங்களாகக் கட்டி, மேலே இன்னொரு உறை போட்டு டேப் ஒட்டுங்கள். ஈர மணல் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். வார் தைத்த இடத்தில்தான் பை பிய்யும் என்பதால் டெய்லரிடம் கொடுத்து இரட்டைத் தையல் போட்டுவிடுங்கள். முதுகில் மாட்டி பஸ்கி எடுக்கலாம், தண்டால் எடுக்கலாம், படியேறலாம், கையில் பிடித்துக் குனிந்து இழுக்கலாம். வாரம் ஒரு பொட்டலம் கூடும். என் கணக்கில் கடையில் விற்கும் பாதிக் கருவிகளைவிட இது மேல்.

டிரெட்மில்லுக்கு ஆதரவாகவும் ஒரு வலுவான வாதம் உண்டு, அதை ஒதுக்கித் தள்ள முடியாது. இருட்டியபின் பெண்கள் தனியாக நடக்கத் தயங்குகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் குமுளி சாலையில் ஓயாமல் ஓடும். ஆனி, ஆடியில் சாரலும் காற்றும். அப்படிப்பட்ட வீட்டில் டிரெட்மில் ஆடம்பரம் இல்லை. ஆனாலும் முதலில் வீட்டுப் படிக்கட்டையும் மொட்டைமாடியையும் இரண்டு மாதம் பயன்படுத்திப் பாருங்கள். அவை போதவில்லை என்று தெரிந்தபின் வாங்கினால் அது நிச்சயம் ஓடும். வாங்கும்போது, விளம்பரத்தில் பெரிதாகப் போடும் குதிரைத்திறன் ஒரு நொடி உச்சம்தான் என்பதை நினைவில் வைத்து, தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று கேளுங்கள். தனி பவர் பிளக் வேண்டும், மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருவில் ஸ்டெபிலைசரும் வேண்டும். வியர்க்கவைக்கும் இடுப்புப் பட்டை, அதிரும் பட்டை, தொப்பையை மட்டும் கரைப்பதாகச் சொல்லும் எதற்கும் காசு கொடுக்காதீர்கள். வியர்வையில் போவது தண்ணீர். ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும்.

வயதானவர்களைக் கனம் தூக்கச் சொல்லலாமா என்ற தயக்கத்துக்கு 1990-ல் பாஸ்டனில் நடந்த சிறு ஆய்வு பதில் சொன்னது. முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதுக்காரர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலுக்குக் கனப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலு, சராசரியாக முன்பு இருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் போனது. ஆனால் அங்கே கண்காணிக்க ஆட்கள் இருந்தார்கள். ஆகவே இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். அப்பத்தாவுக்கு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுவதே முதல் கனம்.

வாங்கியவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளாமல், தினமும் கடந்துபோகும் இடத்தில் வையுங்கள். சாரல் மாதங்களில் இரும்புக் கம்பியை வாரம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் துரு அண்டாது. பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும்: தேதி, கனம், எத்தனை தடவை. ஒரே கனத்தில் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று, இரண்டு வாரம் தொடர்ந்து எழுதப்பட்ட பிறகு அடுத்த பிளேட் வாங்கக் கடைக்குப் போகலாம். பெஞ்ச், நீளக் கம்பி எல்லாம் அந்த நோட்டு கேட்கும்போது.