ஆங்கிலம் அறிவோம்: ‘ரீபில்ட்’

எங்கள் வட்டாரக் கோயிலின் திருப்பணிக்கு அனுமதி கேட்டு, முன்பு நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். திருப்பணி என்பதற்கு ‘ரீபில்ட்’ என்று போட்டேன். “கோயிலை இடிக்கப் போகிறீர்களா?” என்று அதிகாரி கேட்டார். நாங்கள் எண்ணியதோ விரிசலை அடைத்து வண்ணம் பூசுவது மட்டுமே!

‘ரீ’ என்றால் மீண்டும். ‘பில்ட்’ என்றால் கட்டு. இடிந்ததை அல்லது இடித்ததைத் திரும்பக் கட்டுவது ‘ரீபில்ட்’. இருப்பதைச் செப்பனிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ‘ரெஸ்டோர்’.

சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலையே பாருங்கள். 1827இல் மரத்தாலும் அத்தாப்பாலும் அமைந்த கோயில் பின்னர் செங்கல்லால் எழுந்தது. அது ‘ரீபில்ட்’. 1973இல் தேசிய நினைவுச் சின்னமான அக்கோயிலில், 2023 குடமுழுக்கிற்கு முன் நடந்த திருப்பணி ‘ரெஸ்டோர்’.

இறந்த காலத்தில் ‘ரீபில்டெட்’ என்பது பிழை. கடைசி எழுத்தான ‘டி’ நீங்கி ‘டீ’ வரும், அவ்வளவே. கட்டடத்துக்கு மட்டுமன்றி, குலைந்த நம்பிக்கை, சிதைந்த குடும்ப வாழ்வு ஆகியவற்றை மீண்டும் உருவாக்குவதற்கும் ‘ரீபில்ட்’ பொருந்தும்.

அன்றே ‘ரெஸ்டோர்’ என மாற்றிக் கொடுத்தேன், அனுமதி கிடைத்தது. கடிதம் எழுதும் அன்பர்கள் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்க.