ஓபீலியா: ஒரே உயிரின் இரு வடிவங்கள்

கடலோரப் பாறைகளிலும் நீரில் ஊன்றிய மரத்தூண்களிலும் மெல்லிய நூலிழைகள் போல் படர்ந்து, சில சென்டிமீட்டர் உயரமே வளரும் ஓபீலியாவைப் பாசி எனப் பலர் எண்ணுவர். பூதக் கண்ணாடியால் நோக்கின், கிளைநுனிதோறும் சிறு கிண்ணமும், அதனுள் கொட்டும் இழைகளை விரித்த பாலிப்பும் புலப்படும். எனவே இது தாவரமன்று; கூட்டமாக வாழும் பிராணியே.

இக்கூட்டத்துப் பாலிப்புகள் இருவகைப்படும். ஒருவகை இரையைப் பற்றி உண்ணும். அச்சத்து, தண்டினுள் ஓடும் பொதுக்குழாய் வழியே கூட்டம் முழுவதற்கும் சேரும். மற்றவகைக்கு வாயும் இழைகளும் இல்லை. குப்பி போன்ற உறையினுள் இருந்து, மெடூசா என்னும் குடைவடிவ உயிர்களை அரும்பச் செய்து கடலில் விடுதலே அதன் பணி.

மெடூசாக்களில் ஆணும் பெண்ணும் வேறு. குடையின் ஆரைக்குழாய்கள் நான்கிலும் இனப்பெருக்க உறுப்புகள் உண்டு. நீரில் விடப்பட்ட முட்டையும் விந்தும் கூடிப் பிளானுலா என்னும் இளவுயிர் தோன்றும். அது நுண்மயிர்களால் நீந்திச் சென்று, தக்க பரப்பில் ஒட்டிப் பாலிப்பாக மாறும். அரும்புதலால் புதிய கூட்டம் உருவாகும்.

1758-இல் லின்னேயஸ் இதன் பாலிப்பை செர்ட்டுலேரியா என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1810-இல் பெரோனும் லெஸ்யூரும் மெடூசாவிற்கு ஓபீலியா எனப் பெயரிட்டனர். இன்று வழங்கும் ஓபீலியா ஜெனிகுலேட்டா என்னும் பெயரில் முற்பகுதி மெடூசாவிற்கு இடப்பட்டது; பிற்பகுதி பாலிப்பிற்கு இடப்பட்டது. ஓருயிர் ஈருயிராகக் கருதப்பட்டதற்கு அப்பெயரே சான்று.

களப்பணியாளர் இதனை நினைவிற் கொள்க. மெடூசாவை மட்டும் கொண்டு ஓபீலியாவின் இனத்தை அறுதியிடல் அரிது. ஆகவே வலையில் மெடூசா மட்டும் கிடைப்பின் 'ஓபீலியா' எனப் பேரினப் பெயரை மட்டும் குறிப்பதே முறை. பாலிப்புக் கூட்டம் கிடைப்பின், அதன் கிண்ணம், தண்டு, குப்பி ஆகியவற்றின் அமைப்பை ஆராய்ந்து இனத்தைக் குறிக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 1842-இல் ஸ்டீன்ஸ்ட்ரப் விளக்கிய 'தலைமுறை மாற்றம்' என்னும் சொல், பெரணிச் செடிக்கும் ஓபீலியாவிற்கும் வழங்கி வருகிறது. ஆயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. பெரணியின் ஒரு தலைமுறையில் குரோமோசோம்கள் இரட்டைத் தொகுதி. மறு தலைமுறையில் ஒற்றைத் தொகுதி. ஓபீலியாவிலோ பாலிப்பு, மெடூசா இரண்டிலும் இரட்டைத் தொகுதியே; முட்டையும் விந்தும் மட்டுமே ஒற்றைத் தொகுதி உடையன. வாழ்க்கைச் சுற்றைக் கரும்பலகையில் வரையும்போது ஒவ்வொரு நிலைக்கும் அருகே இதனைக் குறித்துவிடின், மாணாக்கர் மயங்கார்.