மத்தளத்துக்குத் தோல் மாற்றிய செலவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்துவிட்டுப் போன நிதியுதவி விண்ணப்பத்தை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். நாலு பக்கத்தில் மூன்று இடத்தில் 'அழிந்துவரும் தொன்மையான கலை' என்று எழுதியிருக்கிறாய். உங்கள் குழுவில் எத்தனை பேர், போன பங்குனியிலிருந்து ஆனி வரை எத்தனை இரவு ஆடினீர்கள், ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு வாங்கினீர்கள் என்பது ஓரிடத்திலும் இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

நீ தெருக்கூத்து வாத்தியார் பிள்ளை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிற ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுக்க வந்தால் அப்பாவிடம் என்ன கேட்பார்கள்? எந்தக் கூத்து, எத்தனை இரவு, துரியோதனன் வேஷம் யார் கட்டுகிறார், மொத்தம் எவ்வளவு. நிதி கொடுக்கிறவர் கேட்பதும் இவ்வளவுதான். கூத்தின் பழம்பெருமை அவருக்குத் தெரியும். உங்கள் கையில் பணம் வந்தால் என்ன நடக்கும் என்பதுதான் தெரியாது.

அதனால் முதல் பக்கத்தை அடித்துவிட்டு இப்படித் தொடங்கு. 'ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழைக்காலம், எங்களுக்கு ஆட்டம் கிடையாது. அந்த மூன்று மாதமும் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு வாரத்தில் நாலு சாயங்காலம் அடவும் பாட்டும் சொல்லித்தருவோம். சொல்லித்தர வாத்தியார் ஒருவர், மத்தளம், முகவீணை, ஆர்மோனியப் பெட்டி வாசிக்க மூன்று பேர். தை மாதம் அந்தப் பிள்ளைகளே ஓர் இரவு முழுக்கக் கர்ண மோட்சம் ஆடுவார்கள்.' இதைப் படிக்கிறவர் கண்ணுக்கு அந்தச் சாயங்காலம் தெரியும். நாலு பேருக்கு மூன்று மாதச் சம்பளம், சின்னப் பிள்ளைகள் அளவுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் செய்ய மரம், கண்ணாடிச் சில்லு, ஜிகினா, கடைசி இரவுக்கு விளக்கும் சாப்பாடும். செலவுப் பட்டியல் தானாக வந்துவிடுகிறது, பார். அப்பாவின் சம்பளத்தை எழுத வெட்கப்படாதே. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் கேட்டுவிட்டு, ஆடுகிறவர் கூலியை விட்டுவிடுகிற குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி பணம் வருகிற விதம். பெரும்பாலும் ஒரே தடவையில் வராது. முதல் தவணை வரும், வேலை முடித்துக் கணக்கும் ஆடிட்டர் கையெழுத்திட்ட பயனீட்டுச் சான்றிதழும் கொடுத்த பிறகுதான் மீதி. நான் எங்கள் குழுவுக்குக் கணக்குப் பார்த்த முதல் வருஷம், மத்தளத்துக்குத் தோல் மாற்றப் பக்கத்து ஊர்ப் பெரியவரிடம் பணத்தைக் கையில் கொடுத்தேன். அவருக்குக் கடை கிடையாது, பில் புத்தகம் கிடையாது. மத்தளம் அருமையாகப் பேசியது. ஆனால் ஆடிட்டர் அந்தச் செலவை ஏற்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் தேதி, வேலை, தொகை எழுதி, அவர் பெயரும் ஊரும் போட்டு, கையெழுத்தோ கைரேகையோ வாங்கியிருந்தால் போதும். பெரியவர் அதற்குள் இறந்துவிட்டார். மீதித் தவணை பதினாலு மாதம் நின்றது. முகவீணைக்காரர் அந்த வருஷம் செங்கல் சூளைக்குப் போனார். இன்றைக்கும் அவரைப் பார்க்கும்போது எனக்கு அந்த ஒரு துண்டுத்தாள்தான் ஞாபகம் வருகிறது.

ஆகவே அன்றாடம் சாயங்காலம் வவுச்சர் எழுது. ஐயாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்கு. ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது என்று சொல்லி யாரும் வட்டிக்கு வாங்க வேண்டாம். கடிதம் பணம் ஆகாது.

எங்கே கேட்பது என்று கேட்டிருந்தாய். சென்னையில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. தஞ்சாவூரில் 1986இல் தொடங்கிய தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. டெல்லியில் சங்கீத நாடக அகாதெமி. மத்திய பண்பாட்டு அமைச்சகத்தில் குருவுக்கும் சீடர்களுக்கும் மாதாமாதம் உதவித்தொகை தரும் திட்டம் ஒன்று உண்டு. தனியாரில், பெங்களூரில் 1993இல் உருவான இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ். அங்கே தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், அது உனக்குப் பெரிய வசதி. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 7ஆவது அட்டவணையில் கலை, பண்பாட்டுப் பாதுகாப்பும் ஓர் இனம். பக்கத்துத் தொழிற்பேட்டையில் கேட்டுப்பார். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு, குழு பதிவு பெற்றிருக்க வேண்டும். 1975ஆம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு உறுப்பினர் போதும், உங்களிடம் பதினாலு பேர் இருக்கிறார்கள். வருமான வரிச் சலுகைக்கான பதிவுகளையும் கையோடு செய்துவிடு. வெளிநாட்டுப் பணத்துக்கு இப்போது ஆசைப்படாதே. அதற்குத் தனிப் பதிவு வேண்டும், தனிக் கணக்கை டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் தொடங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். திட்டத்துக்கு ஏற்றபடி கூத்தை வெட்டாதே. விடிய விடிய ஆடுகிற கூத்தை நாற்பது நிமிடத்தில் அடக்கித் தரச் சொல்வார்கள், பணமும் நல்ல பணமாக இருக்கும். இரண்டு வருஷம் அப்படி ஆடினால் பிள்ளைகளுக்கு அந்த நாற்பது நிமிடம்தான் தெரியும். நிதி நின்றாலும் கூத்து நிற்கக் கூடாது. கர்நாடகத்தில் ஷிவமொக்கா பக்கம் ஹெக்கோடு என்கிற சின்னக் கிராமம். அங்கே 1949இல் தொடங்கிய நீனாசம் குழுவை வளர்த்த கே. வி. சுப்பண்ணா பாக்கு விவசாயி. ஃபோர்டு அறக்கட்டளை உதவியும் அவர்களுக்கு ஒரு கட்டத்தில் கிடைத்தது. அது நின்ற பிறகும் நீனாசம் நிற்கவில்லை. 1985 முதல் அவர்களுடைய 'திருகாட்ட' குழு கர்நாடகம் முழுக்க ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறது. கூப்பிடுகிற ஊர் இருந்ததால்தான் அது முடிந்தது. உங்களுக்கும் பாரதம் வைக்கிற ஊர்கள் இருக்கின்றன. நிதி கிடைத்த வருஷத்தில் அந்த ஊர் அச்சாரம் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பாதே. அந்தப் பெரியவர்கள் அடுத்த வருஷம் வேறு குழுவிடம் போய்விடுவார்கள்.

திருத்தி எழுதும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். எத்தனை ஜோடி சலங்கை தேய்ந்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது உறுப்பினர் பட்டியலையும் எடுத்து வா. உன் பெரியப்பா பெயர் அதில் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருப்பதாக ஞாபகம். வங்கியில் கணக்குத் தொடங்கும் முன்னால் அதைச் சரிசெய்துவிடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்