பங்கு வீட்டை வாடகைக்கு விடும் முன்

இங்கிலாந்தில் ‘ஷேர்டு ஓனர்ஷிப்’ முறையில், அதாவது ஒரு பங்கை வாங்கி மீதிக்கு வீட்டுவசதி சங்கத்துக்கு வாடகை கட்டும் முறையில், வீடு வாங்கியவரா? முழு வீட்டையும் இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டுவிடாதீர்கள். உங்கள் பங்கு 75 சதவீதமாக இருந்தாலும் இதுதான் விதி. வெளியூர் வேலை போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் வீட்டுவசதி சங்கத்திடம் அனுமதி கேட்கலாம், அரிதாகவே கிடைக்கும். கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம்.

நீங்களும் அங்கேயே குடியிருந்தால் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடலாம். செலவு நெருக்கும்போது நல்ல வழி இது. ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை அந்த வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் வருபவருக்கு இங்கிலாந்தில் வாடகைக்குக் குடியிருக்கும் உரிமை உண்டா என்று ஆவணங்களைப் பார்ப்பது உங்கள் சட்டக் கடமை.

100 சதவீதமும் வாங்கிவிட்டால் சங்கத்தின் இந்தத் தடை நீங்கும். ஃபிளாட் என்றால் வேறு தடை உண்டா என்று குத்தகைப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.