நிறுத்தும் வித்தை: மோட்டார் வண்டியின் பிரேக்குப் பேடுகளையும் தட்டுகளையும் வீட்டிலேயே மாற்றும் முறை

வண்டியை ஓடச் செய்பவன் பாதி வேலையையே செய்தவனாவான்; வேண்டிய இடத்தில் அதனை நிற்கச் செய்பவனே முழு வேலையையும் செய்தவன். இவ்வுண்மையை மதுரை மக்கள் மோட்டார் வண்டி வருமுன்பே நன்கறிந்திருந்தனர். சித்திரைத் திருவிழாவிலே மாசி வீதிகளில் தேர் வரும்பொழுது, வடம் பிடித்திழுப்போர் எண்ணற்றோர்; சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையிட்டு அதனை அடக்குவோர் சிலரே. அச்சிலருடைய கைத்திறம் இல்லையேல் தேர் மூலைகளில் திரும்புவதும் நிலைக்கு வந்து நிற்பதும் அரிதாகும். மோட்டார் வண்டியிலோ அம்முட்டுக்கட்டை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சக்கரத்தின் உட்புறத்தே அமைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமையால் அதனை நாம் நினைப்பதுமில்லை. நினையாமையால் வருவதே பெருந்தீங்கு.

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலத்தை அடுத்துள்ள கப்பலூர், இப்பாடத்தை எண்ணிப் பார்ப்பதற்குத் தகுந்த இடமாகும். 1936இல் தொடங்கப்பெற்ற தியாகராசர் நூற்பாலையும், பல சிறு தொழிற்சாலைகள் நிறைந்த சிட்கோ தொழிற்பேட்டையும் இவ்வூருக்குப் பெயர் தந்தவை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்வூர் வழியே ஓடுகிறது. நான்கு வழிச் சாலையில் விரைந்து வரும் வண்டி, சுங்கச்சாவடியைக் கண்டவுடன் வேகம் ஒடுங்கவேண்டும். தொழிற்பேட்டையிலிருந்து சுமையேற்றி வெளிப்படும் லாரிக்கும், சாலையைக் கடக்கும் சைக்கிள்காரருக்கும் வழி விடவேண்டும். இங்கே ஒவ்வொரு நாளும் மனிதர் உயிர், ஒரு விரற்கடை கனமுள்ள பிரேக்குப் பேட்டின் மேல் தங்கியிருக்கிறது என்பது மிகைக் கூற்றன்று. ஆதலின், அப்பேடும் அதனோடு உராயும் தட்டும் யாவை, அவை தேய்ந்தால் வீட்டிலேயே எங்ஙனம் மாற்றலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

பிரேக்கின் தத்துவம்

ஓடும் வண்டியிலுள்ள இயக்க சக்தி அழிவதில்லை. அஃது உராய்வினால் உஷ்ணமாக மாறுகிறது. 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர், வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க சக்தி 2,00,000 ஜூல் ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து ஏறக்குறைய 78 டிகிரிக்குச் சூடாக்க இது போதும். அடுப்பிலே சில நிமிஷங்களில் நிகழும் இக்காரியத்தைப் பிரேக்கானது மூன்று நான்கு விநாடிகளில் முடிக்கின்றது. வேகம் பாதியானால், அதாவது 36 கிலோமீட்டரானால், சக்தி பாதியாவதில்லை. காற்பங்கான 50,000 ஜூல் ஆகிவிடுகிறது. வேகத்தைச் சிறிது குறைத்தாலும் பிரேக்கின் பாரம் பெரிதும் குறைவது இக்காரணத்தால் என்க.

காலால் மிதிக்கும் சிறு விசை பெருவிசையாவது எவ்வாறு? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமற் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டார். மிதிகட்டையை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள சிறு பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. சக்கரத்தருகே காலிப்பர் என்னும் கவ்வியிலுள்ள பிஸ்டனின் பரப்பு ஏழு மடங்காக இருந்தால் விசையும் ஏழு மடங்காகும். அவ்விசையால் இரண்டு பேடுகள், சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இருபுறமும் பற்றுகின்றன. இத்தட்டையே மெக்கானிக்குகள் டிஸ்க் என்பர்.

இவ்வமைப்புக்கு ஆங்கிலேயரான லாஞ்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அது நெடுங்காலம் பரவவில்லை. 1953இல் பிரான்சு தேசத்து லெமான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்குப் பூண்ட ஜாகுவார் வண்டி வென்ற பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது. 1911இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் வழிவந்தோர், 1962இல் சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலையை அமைத்தனர். நம் நாட்டுச் சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க்கும் பின் சக்கரங்களுக்கு டிரம்மும் அமைந்துள்ளன. ஆதலால் முன் சக்கரத்தையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

தேய்வின் அறிகுறிகள்

புதிய பேட்டில் உராய்வுப் பொருள் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனமிருக்கும். பின்புறத்து இரும்புத் தகட்டை விலக்கி அளந்து, 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுவதே நன்று. பல பேடுகளில் ஒரு சிறு உலோக நாக்கு இருக்கும். பேடு தேய்ந்ததும் அது தட்டை உரசிக் கீச்சென்று ஒலிக்கும். இவ்வொலியைப் பொருட்படுத்தாதவர் பின்னர் இரும்போடு இரும்பு அரையும் ஒலியைக் கேட்பர். அப்பொழுது தட்டும் பாழாகிவிடும். தட்டின்மீது அதன் குறைந்த அளவு கனம் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த தட்டின் விளிம்பில் ஒரு வரம்பு உயர்ந்து நிற்பதால், விளிம்பில் அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். பேடு உராயும் இடத்தில் மைக்ரோமீட்டரால் அளத்தல் வேண்டும். அவ்வளவுக்குக் குறைந்தாலும், விரிசல் கண்டாலும், மிதிகட்டை காலடியில் துடித்தாலும் தட்டையும் மாற்றவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுதல் கூடாது. இரு முன் சக்கரங்களுக்கும் ஒருங்கே மாற்றாவிடில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

வேலைக்கு முன்

இவ்வேலையை முதன்முறை செய்வோர், அறிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. அந்தந்த வண்டிக்குரிய கைப்புத்தகமும், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரும் இன்றியமையாதவை. மின்விசையால் இயங்கும் கைப்பிரேக்குப் பின் சக்கரத்தில் உள்ள வண்டிகளைப் பட்டறைக்கே விட்டுவிடுக. அவற்றின் பிஸ்டனை வெறுங்கருவியால் தள்ளினால் உடைந்துபோகும்.

வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துக. திருமங்கலத்துக் கரிசல் மண், மழை பெய்தால் ஜாக்கியை விழுங்கிவிடும். காய்ந்தாலோ வெடித்து நிற்கும். அதன்மேல் வண்டியைத் தூக்குதல் ஒருபோதும் தகாது. கைப்பிரேக்கையிட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்கவும். சக்கரம் தரையில் இருக்கும்பொழுதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்க. பின்னர்க் கைப்புத்தகம் காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கி, உறுதியான இரும்பு ஸ்டாண்டின்மேல் வண்டியை இறக்குக. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. ஜாக்கி ஒன்றையே நம்பி அடியிற் சென்று உயிரிழந்தோர் உண்டு. செங்கல் அடுக்கை நம்புவோரும் அவ்வழியே செல்வர்.

செய்முறை

முதலாவது, சக்கரத்தைக் கழற்றி, காலிப்பரைப் பிடித்திருக்கும் இரு போல்ட்டுகளை அகற்றுக. காலிப்பரை அதன் இரப்பர்க் குழாயில் தொங்கவிடுதல் பெருந்தவறு; குழாய் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாது. கம்பியொன்றால் ஸ்பிரிங்கோடு கட்டிவைக்கவும். பேடுகள் இருந்த நிலையையும் நாக்கு இருந்த பக்கத்தையும் குறித்துக்கொண்டு அவற்றை வெளியே எடுக்கவும். அங்குள்ள தூசியை வாயால் ஊதுதலும் காற்றடித்து விரட்டுதலும் கூடா. பழங்காலப் பேடுகளில் கல்நார் கலந்திருந்தது. அத்தூசி நுரையீரலுக்கு நஞ்சு. இக்காலப் பேடுகளின் தூசியும் நல்லதன்று. ஈரத்துணியால் துடைப்பதே முறை.

இரண்டாவது, பேடுகளைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகளைக் கழற்றித் தட்டை உருவுக. துருவேறிப் பிடித்திருந்தால் இரப்பர்ச் சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டினால் விடும். தட்டு அமரும் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் முற்றும் தேய்த்து நீக்குக. பலர் இதனைச் சிறு காரியமென்று விட்டுவிடுவர். நடுவிலே கடுகளவு துரு சிக்கினால், விளிம்பிலே தட்டு இருபுறமும் ஆடும். சில மாதங்களில் மிதிகட்டை துடிக்கத் தொடங்கும். புதிய தட்டே கெட்டதென்று கடைக்காரரைக் குறைகூற நேரும்.

மூன்றாவது, புதிய தட்டின்மேல் துருப்பிடியாதிருக்கப் பூசியுள்ள எண்ணெயைப் பிரேக்கு துப்புரவுத் திரவத்தால் போக்கிய பின் அதனை அமர்த்துக. சட்டத்தை மாட்டி, கைப்புத்தகம் சொல்லும் அளவுக்கு முறுக்குக.

நான்காவது, பிஸ்டனை உள்ளே தள்ளவேண்டும். புதிய பேடு கனமுள்ளதாதலின் அதற்கு இடம் தேவை. பழைய பேட்டைப் பிஸ்டன்மேல் வைத்து, ஜி வடிவக் கிளாம்பினால் மெதுவாக அழுத்துக. அங்ஙனம் அழுத்துகையில் திரவம் மேலேறித் தொட்டியில் வழியக்கூடும். வண்டியின் வர்ணத்தை அது அரித்துவிடும். மிகுந்ததை ஊசிக் குழலால் உறிஞ்சி எடுக்கலாம். வாயால் உறிஞ்சும் வழக்கம் சிலரிடம் உண்டு, அது நஞ்சாதலின் அறவே விலக்கத்தக்கது. பிஸ்டனைச் சுற்றியுள்ள இரப்பர் உறை கிழிந்தோ ஈரமாகவோ இருந்தால், அவ்விடத்தே வேலையை நிறுத்திப் பழுது பார்ப்பவரை அழைக்கவும்.

ஐந்தாவது, காலிப்பர் நகரும் ஊசிகளைத் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸைச் சிறிது தடவுக. ஊசி இறுகினால் ஒரு பேடு மட்டுமே தேயும். உராயும் முகத்தில் கிரீஸோ எண்ணெயோ கைவியர்வையோ படலாகாது. புதிய பேடுகளை முன்போலவே பொருத்தி, காலிப்பரை மாட்டி, அளவறிந்து முறுக்குக. சக்கரத்தை மாட்டும்பொழுது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கி, வண்டியை இறக்கியபின் இறுதி முறுக்குக் கொடுக்கவும்.

ஆறாவது, இப்பாடத்தில் வேறெதை மறந்தாலும் இதனை மறக்கலாகாது. வண்டியை நகர்த்துமுன் மிதிகட்டையைப் பன்முறை மிதித்து, அது இறுகி நிற்கும்வரை பார்க்கவேண்டும். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேட்டைத் தொடாமல் விலகி நிற்பதால் முதல் மிதி வெறும் மிதியாகும், மிதிகட்டை தரையைத் தொடும், வண்டி நில்லாது. எல்லா வேலையையும் செம்மையாகச் செய்து இவ்வொரு நிமிஷத்தைச் சுருக்கினவர் தம் வீட்டுச் சுவரையோ, அதன்முன் விளையாடும் குழந்தையையோ மோத நேரும். மிதிகட்டை எத்துணை மிதித்தும் பஞ்சுபோல் அமிழ்ந்தால் குழாயில் காற்றுப் புகுந்ததென்று அறிந்து, அதனை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கலாகாது.

வேலைக்குப் பின்

ஆளில்லாத தெருவில் நடைவேகத்தில் இருமுறை நிறுத்திப் பார்க்கவும். பின்னர், நெரிசலில்லாச் சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு மெல்ல மெல்லக் குறைத்தலைப் பத்து முறை செய்து, இடையிடையே ஆறவிடுக. இதனால் பேட்டின் பொருள் தட்டின்மேல் ஒரு சீராகப் படிந்து பிடிப்பு உண்டாகும். சூடான நிலையில் மிதிகட்டையை அழுத்திக்கொண்டு நின்றால் ஓரிடத்தில் மட்டும் படிந்துவிடும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் சரிபார்க்கவும்.

பிரேக்குத் திரவத்தைப் பற்றியும் ஒரு சொல். 'பிரேக் ஆயில்' என்று வழங்கினும் அஃது எண்ணெயன்று. அதற்குப் பதில் எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் இரப்பர்கள் ஊதிக் கெடும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 வகைத் திரவம் புதிதாயின் குறைந்தது 230 டிகிரி வரை கொதியாது. ஈரமேறினால் அவ்வெல்லை 155 டிகிரி வரை தாழலாம். கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி அமுங்கும், மிதித்தாலும் விசை செல்லாது. ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவது வழக்கம். பழைய திரவத்தைக் கண்மாய்க் கரையிலோ கிணற்றடியிலோ கொட்டலாகாது.

இதன் பயனை ஒரு கணக்கால் காட்டுவோம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டை நோக்கி 1,800 மீட்டர் உயரம் இறங்கும் 1,000 கிலோகிராம் வண்டி, ஏறக்குறைய 1,76,00,000 ஜூல் சக்தியை இழக்கவேண்டும். முன் சொன்ன வேகத்திலிருந்து 88 முறை முழுதும் நிறுத்துவதற்கு அது சமம். இவ்வளவையும் பேடுகளே சுமந்தால் அவை பிடிப்பை இழக்கும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்கவேண்டும் என்று பழகிய ஓட்டுநர் கூறுவதன் கருத்து இதுவே: பாரத்தில் ஒரு பங்கை எஞ்சினும் ஏற்கட்டும் என்பதாம்.

இவ்வேலையால் மிஞ்சும் கூலி ஓர் இலாபமே. ஆயினும் அதனினும் பெரியது, நம் காலடியில் இருப்பது யாதென்று நாமே கண்டறிதல். ஒருமுறை தன் கையால் தேய்ந்த பேட்டை எடுத்துப் பார்த்தவர், அதன்பின் முன்செல்லும் லாரிக்கு இடைவெளி விட்டே செல்வர். கீச்சொலியை அலட்சியம் செய்யார். இயலாதென்று தோன்றுமிடத்தில் பட்டறையை நாடுவதில் இழுக்கொன்றுமில்லை. நம் வண்டியில் இருப்போரும் நம் எதிரே சாலையைக் கடப்போரும் நம் பிரேக்கைச் சோதித்தறிய வழியில்லை. நம்மை நம்பியே அவர்கள் வருகின்றனர். அந்நம்பிக்கைக்குத் தக்கவாறு அதனைப் பேணுதல் வண்டியுடையார் ஒவ்வொருவருக்கும் கடமையாம்.